பதினான்காவது கையெழுத்து

"நிறுத்துங்க. இன்னைக்கு தேர்வு நடக்காது."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தபோது பெர்மெத் தன் ஆய்வின் முதல் வரியைத்தான் சொல்லி முடித்திருந்தாள். முனைவர் பட்டத்துக்காக நாரின் மலைப் புல்வெளிகளில் ஏழு வருடம் அலைந்தவள். அதை விளக்க அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நிறுத்தியவள் ஜிபர்குல். வாய்மொழித் தேர்வுகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க பட்டங்களை அங்கீகரிக்கும் ஆணையம் அனுப்பும் மேற்பார்வையாளர். இப்படி வருகிறவர்கள் வழக்கமாக ஒரு கையெழுத்துப் போடுவார்கள், விருந்து சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். இவள் வந்ததும் வராததுமாகச் செயலாளரிடம் மொத்தக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு தலைகளை எண்ணினாள்.

"பதினாலு உறுப்பினர் இருந்தாத்தான் சபை. கையெழுத்து பதினாலு இருக்கு. ஆள் பதிமூணுதான் இருக்கீங்க."

பதினான்காமவர் இசிக்-குல் ஏரிக்கரையில் முட்டிவலிக்கு வெந்நீர் வைத்தியத்தில் இருந்தார். அவருக்காக யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

சபைத் தலைவர் எசென்பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. பெர்மெத்துக்குக் கல்லூரியிலிருந்தே வாத்தியார் அவர். அவள் 'அகாய்' என்று கூப்பிட்டால் அதில் அப்பாவுக்கு உண்டான மரியாதை இருக்கும்.

"ஒரு ஆள் குறைஞ்சதுக்கு ஒரு பொண்ணோட வாழ்க்கையக் கெடுப்பீங்களா?" என்று மேசையைத் தட்டினார். "சரி, ரத்துதானே? அந்தக் கோப்பைக் கொடுத்துட்டுப் போங்க."

"கோப்பு என்னோடதான் வரும்."

அவர் விடவில்லை. கோப்பு, கோப்பு என்று வாசல்வரை வந்து கத்தினார். தனக்காக இந்த வயதில் இப்படிச் சண்டை போடுகிறாரே என்று பெர்மெத்துக்குக் கண் கலங்கியது.

நடைவழியில் ஜிபர்குலை மறித்து, அக்கா முறை வைத்தே கெஞ்சிப் பார்த்தாள். "எஜே, நாரின்லேர்ந்து சொந்தக்காரங்க முப்பது பேர் வந்திருக்காங்க. ஆடு அறுத்தாச்சு. ஒரே ஒரு ஆள்தானே?"

"ரத்தானா ஒரு மாசத்துல மறுபடி நிக்கலாம்" என்றாள் ஜிபர்குல், கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி.

"நீங்க நிப்பீங்களா? உங்களுக்கு என்ன, எண்ணிட்டுப் போயிட்டீங்க. ஆடு எண்ணுற ஆளுக்குக்கூட ஆட்டுமேல கொஞ்சம் பாசம் இருக்கும்."

ஜிபர்குல் கைப்பையைத் திறந்தாள். ஒரு உறையை நீட்டினாள். "ரத்து உத்தரவு. தனியா இருக்கும்போது பிரிச்சுப் பாருங்க."

சாப்பிட்டுப் போகும்படி வாய்வார்த்தைக்குக்கூட யாரும் அவளை அழைக்கவில்லை. பெர்மெத் அழைப்பதாகவே இல்லை.

அறுத்த ஆட்டை என்ன செய்வது? விருந்து நடந்தது. இழவு வீட்டுச் சாப்பாடு போல ஆளுக்கு ஆள் தலை குனிந்து சாப்பிட்டார்கள். கூட்டத்தில் பெரியவருக்குத்தான் வெந்த ஆட்டுத் தலை போகும். பெர்மெத் அதைத் தன் கையாலேயே கொண்டுபோய் எசென்பாய் முன்னால் வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் மகன் மிர்லான். அவனும் அதே புல்வெளிகளைப் பற்றித்தான் எழுதுகிறான். அகாய் கேட்டதால் போன வருடம் தன் அளவீடுகளையெல்லாம் அவனுக்கு நம்பிக் கொடுத்திருந்தாள்.

"ஈவு இரக்கம் இல்லாத பொம்பளை" என்று அகாய் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "அவ மட்டும் விட்டிருந்தா நம்ம பொண்ணு இன்னைக்கு டாக்டர்."

அந்தப் பொம்பளையைத் திட்டுவதற்காவது அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கலாம் என, பெர்மெத் சமையலறைப் பக்கம் போய் உறையைக் கிழித்தாள்.

முதல் தாள் ரத்து உத்தரவு. அடுத்த மாதத் தேர்வு ஓஷ் நகரச் சபையில் நடக்கும் என்று இருந்தது.

இரண்டாவது ஒரு நகல். வாக்கெடுப்பு முடிவு. சிரமம் மிச்சம் என்று அதை முன்கூட்டியே தட்டச்சு செய்து கோப்பில் வைப்பது எல்லாச் சபையிலும் பழக்கம்தான். எப்படியும் எல்லாரும் தேறுகிறவர்கள்தானே. இன்றைய தேதி இருந்தது. எசென்பாயின் கையெழுத்தும் இருந்தது.

ஆதரவு இரண்டு. எதிர்ப்பு பன்னிரண்டு. ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே தோற்றிருந்தாள். ஏரிக்கரையில் வெந்நீரில் கிடந்தவர்கூட வாக்களித்திருந்தார். ஒருமுறை தோற்ற ஆய்வேட்டை வேறெந்தச் சபையும் தொடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அகாய்தான். தொடாமல் கிடக்கும் ஆய்வேட்டிலிருந்து மிர்லான் எவ்வளவு எடுத்தாலும் கேட்க ஆள் இருக்காது.

நகலின் கீழே பேனாவால் எழுதியிருந்தது:

"மோசடி என்று எழுதினால் விசாரணை முடியும்வரை உங்கள் ஆய்வேடும் பூட்டிய அலமாரியில்தான் கிடக்கும். ஆள் குறைவு என்று எழுதினால் ஒரு மாதம்தான். முதலில் பட்டத்தை வாங்குங்கள். மூலத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். இவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

பெர்மெத் தாள்களை மடித்து உறைக்குள் வைத்தாள். அழுகை இல்லை, கோபம். அகாய்மேலும், அதைவிட அதிகமாகத் தன்மேலும்.

கூடத்துக்கு வந்தாள். ஆட்டுக் காதை அறுக்க அகாய் கத்தியைத் தூக்கியிருந்தார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முப்பது பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னம்மா?"

"இது உங்க பங்கு இல்ல, அகாய்" என்றாள். "பங்குக்கு உரியவங்களைப் பசியோட அனுப்பிட்டேன்."