டொராண்டோவின் மிதி

ஞாயிறு மாலை, மயில்சாமி தன் பழைய ஜப்பான் காரின் பானெட்டைத் திறந்தார். ஞாயிறுதோறும் டொராண்டோவில் மகள் நிவேதா தன் வீட்டு மிதியை மிதித்தால், அவள் காரில் பொருத்திக் கொடுத்த மெஷின் இணையம் வழியே கோவையில் ஆக்ஸிலேட்டரை இறக்கும்; அவர் சத்தம் கேட்டு கார்புரேட்டரைத் திருகுவார். பேச நேரமில்லாத பெண், அவள் பாதமாவது வருகிறதே என்றிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் மிதி கண்ணு," என்றார் மெஷினின் மைக்கில். இன்ஜின் ஒரு கணம் தயங்கி உறுமியது. அவளுடைய மிதியேதான்.

போன் அடித்தது.

"அப்பா, இப்பத்தானுங்க எந்திரிச்சேன். வண்டி ஓடுதுங்களா? நான் மிதிக்கிற மாதிரியே மெஷினுக்குப் பழக்கிவிட்டு நாலு மாசமாச்சு. சொல்ல மறந்துட்டேனுங்க."

"நல்லாத்தான் ஓடுது கண்ணு."

அடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போல, மறுநாள் மிதிக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரின் கார்புரேட்டர் திருகை அவரே ஒரு சுற்று தளர்த்தி வைத்தார்.