திரையில் வந்த யாழினி

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே, இரண்டு வருடம் கழித்துப் பிள்ளை எப்படி இருக்கும் என்று திரையில் காட்டுவது நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. செண்பகவல்லிக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

நேற்றுப் போன பள்ளியில், திரையில் வந்த பதினேழு வயது மகள் யாழினி 594 மார்க் வாங்கியிருந்தாள். செண்பகவல்லி வேண்டுமென்றே தப்பாகக் கேட்டாள்:

"ஏழெட்டு அம்பத்து நாலுதானே கண்ணு?"

"சரிங்கம்மா."

தப்பைக் கண்டால் பெற்றவளையே விட்டுவைக்காத யாழினியா இது? கணவர் தங்கராசு எவ்வளவோ சொல்லியும் கேளாமல் செண்பகவல்லி எழுந்து வந்துவிட்டாள்.

இன்று வேறு பள்ளி. திரை யாழினியிடம் அதே கேள்வி.

"அம்பத்தாறும்மா. கறிகாய்க்காரர்கிட்டயும் இப்படித்தான் கணக்குப் பாக்கறியா?"

தங்கராசு சிரித்துவிட்டார். "நம்ம புள்ளையேதான். கையெழுத்தப் போடு."

பேனாவை எடுத்த செண்பகவல்லி அதைத் திரும்பக் கீழே வைத்தாள். அவள் மனதில் நினைத்தபடியே பிள்ளை மறுநாளே மாறி வந்து நின்றது உறுத்தியது.

"ஏனுங்க சார், நேத்து நாங்க போன பள்ளிக்கூடமும் உங்களுதுங்களா?"

முதல்வர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே டிரஸ்ட்தாங்க. ஏன், பொண்ணு இன்னும் கொஞ்சம் எதுத்துப் பேசணுங்களா?"