ஏலமணி

“குடுங்க சார், நானே கட்டுறேன்” என்று ஓவியா அறிவுமதியிடமிருந்து பேனரை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள்.

அவள் நண்பன் காஜா நஜ்முதீன் தலையில் அடித்துக்கொண்டான். “நாளைக்கு இன்டர்வியூன்னா இன்னைக்கே சேவகமா? நடத்து தாயி, நடத்து.”

அவள் காதில் வாங்கவில்லை. பேனரைச் சுருட்டியபடியே உத்தரத்தில் கட்டி, ஒரு கயிற்றை மட்டும் அறிவுமதியின் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டாள். வேண்டும்போது அதை இழுத்தால் போதும் என்றாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காரைக்கால்மேட்டு மீன் ஏலக்கொட்டகையில் மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். வாடகை கிடையாது. அதனால் வாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விதிகளை எழுதியவள் ஓவியாதான். யாரும் வரலாம். கட்டணம் இல்லை. தலைவர் இல்லை. தெரிந்ததைச் சொல்லலாம், எதையும் விற்கக் கூடாது.

மீறி விற்கத் தொடங்கினால், கொட்டகையில் தொங்கும் ஏலமணியைக் கரண்டியால் மெல்லத் தட்டுவார்கள். காலையில் விற்பனையைத் தொடங்கிவைக்கும் அதே மணிதான். மெல்லத்தான் தட்ட வேண்டும். ஓங்கி ஒலித்தால், படகு வந்துவிட்டதென்று ஊரே திரண்டுவிடும்.

இந்த மாதம் கரண்டி ஓவியாவின் முறை.

பேச வந்த அறிவுமதி, சென்னையில் ஒரு நிறுவனத்தின் மேலாளர். நாளை அவளை நேர்காணப் போகிறவரும் அவர்தான். வேலை போய்ப் பல மாதங்களாகிவிட்ட அவளுக்கு அந்த ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

முதலில் நன்றாகத்தான் பேசினார். சர்வர் படுத்துக்கொண்ட கதைக்குக் காஜாவே சிரித்தான்.

பிறகு, “இந்தத் தொல்லையெல்லாம் எங்க புராடக்ட்ல கிடையாது” என்றார்.

கொட்டகையே ஓவியாவைத் திரும்பிப் பார்த்தது.

கரண்டி அவள் மடியில் கிடந்தது.

சலுகை என்றார். இன்றே சேர்ந்தால் பாதி விலை என்றார். காஜா இருமினான். தொண்டை நோகும்வரை இருமினான். அவள் கடலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள்.

விலை போய்விட்டாள் என்று காஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இப்ப பாருங்க” என்று அறிவுமதி கயிற்றை இழுத்தார்.

பேனர் அசையவில்லை.

மணி கணீரென்றது.

இன்னும் ஓங்கி இழுத்தார். இன்னும் ஓங்கி அடித்தது.

அலுமினிய அன்னக்கூடைகளோடு பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்த செல்லம்மா அவரைத் தலை முதல் கால்வரை அளந்தாள். “நீங்கதான் விக்கிறவரா தம்பி? மீனெங்க?”

அத்தோடு பேச்சு முடிந்தது.

மூச்சிரைக்கப் பையை எடுத்துக்கொண்டு அவர் ஓவியாவிடம் வந்தார். “யாரும்மா மணியை அடிச்சது?”

“நீங்கதான் சார்.” குரலில் மரியாதை இம்மியும் குறையவில்லை.

அவர் உள்ளங்கையில் பதிந்திருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தார். மறுக்க வழியில்லை. நாளைக்குப் பத்து மணி, மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேனரை அவிழ்க்கக் காஜா ஸ்டூலில் ஏறினான்.

கயிறு பேனர் பக்கமே போகவில்லை. உத்தரத்தைச் சுற்றிப் போய் மணியின் நாக்கில் முடிந்திருந்தது. வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவர்கள் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

அவன் குனிந்து பார்த்தான்.

ஓவியா கரண்டியை அவனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவன் முறை.