போயிட்டு வரேன்

எலும்புப் புற்றின் வலி தாங்காமல், தணிகாசலமேதான் உயிரை முடித்துவைக்கும் கடைசி ஊசி கேட்டிருந்தார். போடுவதற்கு முன், கட்டிலருகே நின்ற இயந்திரம் அவர் வாயாலேயே சம்மதம் சொல்லச் சொன்னது.

அவர் மனைவியைப் பார்த்தார். "போயிட்டு வரேன், கோமளம்."

"திரும்பி வரும் எண்ணம் தெரிகிறது. சம்மதம் செல்லாது. மூன்று மாதம் கழித்துக் கேட்கவும்," என்று சொல்லி இயந்திரம் ஊசியை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அட எழவெடுத்ததே! எந்த வீட்லடா 'போறேன்'னு சொல்லிட்டுப் போவாங்க?" கோமளம் அதன் மண்டையில் ஓங்கி அறைந்தாள். கைதான் வலித்தது. அவர் பல்லைக் கடித்து முனகினார்.

கல்யாணமான நாளிலிருந்து, வாசலில் அவர் 'போறேன்' என்றாலே மறித்து, திருத்திச் சொல்லவைத்து அனுப்பியவள் அவள்தான்.

அவளே இப்போது அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க... எங்க, சொல்லிப் பழகுங்க. போறேன்."