மண்டிக்காரருக்கு ஒரு பொன்னாடை

கையில் பொன்னாடையோடு பேராசிரியர் அருளப்பன் மண்டிக்குள் நுழைந்ததும், சாக்கு மடித்துக்கொண்டிருந்த சுமைதூக்கிகள் முதலாளிக்கு ஏதோ பாராட்டு என்றே நினைத்தார்கள். திண்டுக்கல் மார்க்கெட்டில் பொன்னுத்துரை கமிஷன் மண்டிக்கு அன்றுதான் கடைசி நாள்.

"வாங்க சார், ஒக்காருங்க." கல்லாவிலிருந்து பொன்னுத்துரை எழுந்தார். வயதான உடம்பு, எழவே செத்த நேரம் பிடித்தது.

"ஒக்கார வரல மொதலாளி. கடையை மூடுறீங்கல்ல, மரியாதை பண்ணிட்டுப் போவம்னு வந்தேன்." பொன்னாடையைப் போர்த்தவில்லை, மேசைமேல் விட்டெறிந்தார். "என்னையத் தெரியுதா? கன்னிவாடி சிலுவைமுத்து மகன்."

கிழவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மறக்கக்கூடிய நாளா அது! பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, மண்டியே கதி என்று அப்பாவின் கத்தரிக்காய்க் கூடைக்குப் பின்னால் அருளப்பன் திரிந்த வயது.

"சொத்தைக் காயக் கொண்டாந்து எவன் தலையிலடா கட்டப் பாக்குற?" என்று சந்தையே பார்க்கக் கூடையை எட்டி உதைத்தார் இந்தப் பொன்னுத்துரை. மண்ணில் உருண்டதில் ஒரு காய்கூடச் சொத்தையில்லை. அப்பா வாயே திறக்காமல் குனிந்து பொறுக்கினார்.

மறுநாளே புத்தகப் பையைத் தூக்கியவர்தான் அருளப்பன். வேளாண் வணிக மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்கியதும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும், மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு கொடுத்ததும் இந்த ஒரு மண்டியை ஒழிக்கத்தான். ஊர் ஊராக அலைந்து விவசாயிகளைச் சேர்த்துக் கம்பெனி ஆரம்பித்தார். காய் இப்போது தோட்டத்திலிருந்தே நேராகக் கேரளாவுக்கு லாரி ஏறுகிறது.

அப்பா மட்டும் சாகும்வரை இதே மண்டிக்குத்தான் காய் போட்டார். சூடு சொரணையில்லாத மனிதர் என்று அவரோடு பேச்சையே விட்டுவிட்டார் மகன். கடைசியில் குழியில் மண் போடத்தான் ஊருக்குப் போனார்.

"சந்தை நடுவுல எங்கப்பனத் தலைகுனிய வச்சீங்கல்ல? ஒங்க மண்டிக்குப் பூட்டுப் போடத்தான் நான் படிச்சதே. இப்ப எப்பிடி இருக்கு?" இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி அது.

பொன்னுத்துரைக்குக் கோபம் வரவில்லை. பொன்னாடையை எடுத்து நிதானமாக மடித்தார்.

"மாதா மேல சத்தியம் வாங்கிட்டான், அதான் இம்புட்டு நாளும் வாயத் தொறக்கல. இப்ப அவனும் இல்ல, கடையும் இல்ல."

"யாரு வாங்குனது?"

மடித்த பொன்னாடையை அருளப்பன் கையிலேயே திருப்பி வைத்தார் கிழவர்.

"கூடையை ஒதைக்கச் சொன்னதே ஒங்கப்பன்தான் அப்பு."