எச்சில்

"அக்கா, இந்த எலும்புல நோய்க் கிருமியோட டிஎன்ஏ துளியூண்டுதான் மிஞ்சியிருக்கும். அதையும் தேட முடியல," என்றாள் பெனாசிர். "மேல புது எச்சில் பட்டிருக்கு. யாரோடதுன்னு தோண்டினவங்க டிஎன்ஏ மாதிரிகளோட ஒப்பிட்டுப் பார்த்தேன்..." ஆய்வக மேசையிலிருந்த எலும்புத் துண்டை முன்னால் நகர்த்தினாள்.

எழிலரசிக்குப் புரிந்துவிட்டது. அந்த எலும்பு கிடைத்த பழங்காலப் புதைகுழியைத் தோண்டிய அவள் கணவர் தணிகை எதையும் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். கல் என்றால் விழுந்துவிடும். பழைய எலும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும்.

"செத்தவனை நக்கின வாயோட எங்கிட்ட வராதீங்க," என்று அவள் விரட்டுவாள்.

"பாவம், அவனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்று சிரிப்பார்.

போன மாசியில் அவரை எரித்தார்கள். சாம்பலில் டிஎன்ஏ மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே குழியில் கிடந்த அத்தனை பேரையும் கொன்றது எந்த நோய் என்று சொல்ல இந்த ஒரு துண்டுதான் பாக்கி. மேற்புறத்தை ப்ளீச்சால் துடைத்தால் உள்ளே அந்த நோய் ஒருவேளை கிடைக்கலாம். தணிகை போய்விடுவார்.

"நான் துடைக்கட்டுமாக்கா?"

"வேணாம். நீ போய் டீ குடிச்சிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது. எழிலரசி பஞ்சை ப்ளீச்சில் நனைத்தாள். உறையிட்ட கையால் எலும்பை எடுத்து முகத்தருகே கொண்டுவந்தாள். முகக்கவசத்துக்குள் நாக்கை நீட்டினாள். துணி தடுத்தது. மறுகையில் பஞ்சு உலரத் தொடங்கியிருந்தது.