குறைந்த ஏழு கிலோ

ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது கிலோ.

தராசுத் திரையில் எண் நின்றதும் பட்டறையே அதிரக் கைதட்டியது.

அவளுக்கு மட்டும் கை எழவில்லை.

அந்தப் புது அதிவேகக் காரின் எடைக்கு அவள்தான் பொறுப்பு. ஓட்டுபவரோடு சேர்த்து ஆயிரத்து நூறைத் தாண்டினால், இன்றோடு கடையைக் கட்டுங்கள் என்று மேலிடம் கறாராகச் சொல்லியிருந்தது. ஓட்டப்போகிறவன் அவள் தம்பி. அதற்கென்றே பிறந்தவன் என்று தன்னைப் பற்றி நினைப்பு.

அவளும் பேயாய் அலைந்துவிட்டாள். கதவுக் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டு நாடா கட்டினாள். பெயிண்டைக்கூடச் சுரண்டச் சொன்னாள். ஒவ்வொருவரிடமும் நூறு கிராம் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. சீட் பிரிவு குறைத்ததை பிரேக் பிரிவு கூட்டியது. 'தராசம்மா' என்று பட்டப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம்.

போன மாதம் தம்பியோடு சேர்த்து ஆயிரத்து நூற்றாறு. இன்று ஏழு கிலோ குறைவு.

குறைத்தது யார்? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு திருகாணியை மாற்றினாலே ஊரைக் கூட்டுகிற ஆட்கள் இவர்கள்.

"தராசம்மா, ஜெயிச்சுட்டீங்க!" என்ற தலைமைப் பொறியாளர், அதற்குள் மேலிடத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

எதற்கும் வெறும் வண்டியையும் பார்த்துவிடலாம் என்று தம்பியை இறங்கச் சொன்னாள்.

ஒரு மாதமாகச் சோதனைத் திடலிலேயே தங்கியிருந்தவன். இன்று வந்ததும் வராததுமாக, தடித்த பந்தய உடையும் ஹெல்மெட்டுமாக வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இப்போது இறங்க மனமில்லாமல் பெல்ட்டோடு மல்லுக்கட்டினான்.

ஒருவழியாக இறங்கினான். திரையில் எண் மாறியது.

போன மாதம் வெறும் வண்டிக்கு இருந்த அதே எடை. காரில் ஒரு கிலோகூடக் குறையவில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன.

அவள் காதருகே குனிந்தான். "டாக்டர் எல்லாம் சொல்லிட்டாருக்கா. இந்த ஒரு ஓட்டம் மட்டும் ஓட்டிக்கிறேன், தடுத்துடாத."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. தலைமைப் பொறியாளர் சிரித்துக்கொண்டே போனை அவளிடம் நீட்டினார். மேலிடம் அவளைப் பாராட்ட வேண்டுமாம்.